தாடைப் பருவுக்கு ஹார்மோன் மருந்து: எந்த மாத்திரை யாருக்கு?

ஸ்கின் டாக்டர் சீட்டில் இரண்டு பெயர்களை எழுதினார். மேலே ஸ்பைரோனோலாக்டோன். கீழே ட்ரோஸ்பைரினோன் கலந்த கருத்தடை மாத்திரை. “ரெண்டுல எதுவும் உங்களுக்கு ஒத்து வரலாம்மா. வீட்ல பேசிட்டு அடுத்த வாரம் வாங்க” என்றார்.

அப்போது எனக்கு 33 வயது. காலேஜ் நாட்களில் நெற்றியில் வந்து போன பரு வேறு. இது நாடிக்குக் கீழே, தாடை ஓரமாக, பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்குத் திரளும். தலையணையில் அந்தப் பக்கம் சாய்ந்தால் விண்ணென்று தெறிக்கும். மூன்று வாரத்தில் அமுங்கும். அது இருந்த இடத்தில் கருந்திட்டு நான்கு மாதம் நிற்கும். அது மங்குவதற்குள் பக்கத்திலேயே அடுத்தது வந்திருக்கும்.

அந்த ஒரு வாரம் படித்ததையும், பிறகு இரண்டு மருந்தையும் எடுத்து அனுபவத்தில் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். ‘எது பவரான மருந்து?’ என்றுதான் நானும் முதலில் தேடினேன். அந்தக் கேள்வி என்னை எங்கேயும் கொண்டு சேர்க்கவில்லை. அடுத்த ஒரு வருடத்துக்குள் குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறீர்களா, பிரஷரும் தலைவலியும் எப்படி, ஆறு மாதம் பொறுக்க முடியுமா: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடுகிறது.

மாத்திரைக்குப் போகும் முன் ஒரு விஷயம். முகத்தில் என்ன க்ரீம் தடவுகிறீர்கள் என்று பாருங்கள். கருந்திட்டுக்கு என்று கேட்டதற்கு ஒரு மெடிக்கல் ஷாப்பில் எனக்கு ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டாவது மாதம் கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாக ஒரே மாதிரி சிவப்புப் பருக்கள். தடவாமல் விட்டால் எரிச்சல். ட்யூபைத் திருப்பிப் படித்தால் மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயின் மூன்றும் கலந்தது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தாலும் அதே கதைதான். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இவற்றை 2018ல் மத்திய அரசு சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டீராய்டால் வந்த பருவுக்கு ஹார்மோன் மாத்திரை மருந்தல்ல. டாக்டர் சொல்கிறபடி அந்த க்ரீமை நிறுத்துவதுதான் முதல் வேலை.

இரண்டாவது, பிசிஓடி இருக்கிறதா என்று பார்ப்பது. பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது, நாடியில் தடித்த முடி, உச்சந்தலையில் முடி மெலிவது இவையெல்லாம் இருந்தால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவை. எனக்கு எல்லாம் நார்மல் என்றே வந்தது. “அப்போ இது ஹார்மோன் பருவே இல்லையா?” என்று டாக்டரிடம் கேட்டேன். பெரிய வயதில் பரு வரும் பெண்கள் பலருக்கு ரத்தத்தில் ஆன்ட்ரோஜன் என்கிற ஆண் ஹார்மோன் அளவு சரியாகத்தான் இருக்கும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிதான் அந்த அளவுக்கே அதிகமாகத் துள்ளும் என்றார். ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் ஹார்மோன் மருந்து வேலை செய்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது இரண்டு மாத்திரைகளும் எங்கே வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். ஆன்ட்ரோஜன் சுரப்பியில் போய் உட்காரும் இடத்தை ஸ்பைரோனோலாக்டோன் அடைத்துக்கொள்கிறது. கருத்தடை மாத்திரையோ ஆன்ட்ரோஜன் வரத்தையே குறைக்கிறது: சினைப்பை ஆன்ட்ரோஜன் சுரப்பதை மட்டுப்படுத்தும், அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், கல்லீரலிலிருந்து ஒரு புரதத்தைக் கூடுதலாக வரவழைத்து, ரத்தத்தில் திரியும் டெஸ்டோஸ்டிரோன் என்கிற முக்கிய ஆன்ட்ரோஜனைக் கட்டிவைக்கும். ஒன்று வாசலில் பூட்டு, இன்னொன்று தெருவிலேயே கூட்டத்தைக் குறைப்பது.

ஸ்பைரோனோலாக்டோன் 1959லிருந்து இருக்கும் பழைய மருந்து. வீட்டில் யாருக்காவது இதயம் பலவீனம், அல்லது கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தது என்றால் அவர்கள் மாத்திரை டப்பாவில் இதைப் பார்த்திருப்பீர்கள். நீர் பிரிவதற்குக் கொடுப்பது. பருவுக்கு என்று முறையான அனுமதி வாங்காமலே, அனுபவத்தில் தோல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். வழக்கமாக 50 மில்லிகிராமில் ஆரம்பித்து 100க்குப் போவார்கள்.

இதில் பெரும்பாலானவர்கள் தோற்பது பொறுமையில்தான். நானும் பத்தாவது வாரம் அட்டையைத் தூக்கிப் போடப் பார்த்தேன். அப்போது டாக்டர் காட்டிய ஓர் ஆய்வுதான் என்னை நிறுத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடத்தி 2023ல் வெளியானது. பாதிப் பேருக்கு ஸ்பைரோனோலாக்டோன், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 12 வாரம் கழித்து ‘பரு குறைந்திருக்கிறது’ என்றவர்கள் மருந்து எடுத்தவர்களில் 72 சதவீதம், வெறும் மாத்திரையில் 68. வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். 24 வாரத்தில் அதே கேள்விக்கு 82க்கு 63. மூன்றாவது மாதம் கண்ணாடியைப் பார்த்து ‘இது வேலைக்காகாது’ என்று விடுகிறவர்கள், மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஐந்தாவது மாதத்தில் தாடை அடங்கியது. பீரியட்ஸ் வந்தது, போனது, ஒரு பட்டாணிகூட எழவில்லை. அன்றைக்கு முகம் கழுவும்போது இரண்டு கையாலும் தாடையை அழுத்தித் தேய்த்தேன். வலியில்லாமல் அப்படித் தேய்த்து எத்தனை வருடம் ஆகியிருந்தது!

தொந்தரவுகள்: அடிக்கடி சிறுநீர், முதல் சில வாரம் எழுந்து நின்றால் லேசான கிறுகிறுப்பு, தலைவலி, மார்பில் வலி. எனக்கு அதிகம் படுத்தியது பீரியட்ஸ். 100 மில்லிகிராமுக்குப் போனதும் மாதத்துக்கு இரண்டு முறை வந்தது. இது பலருக்கும் நடப்பதுதான்.

பொட்டாசியம் பற்றிய பயம் எல்லோருக்கும் வரும், ஏனென்றால் இந்த மருந்து உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். ‘இளநீர் குடிக்கலாமா, வாழைப்பழம் சாப்பிடலாமா?’ என்பதுதான் நானும் கேட்ட முதல் கேள்வி. 2015ல் அமெரிக்காவில், இந்த மருந்து எடுத்த ஆரோக்கியமான 974 இளம்பெண்களின் 1,802 பரிசோதனைகளைப் பார்த்தார்கள். 13ல்தான் அளவு கூடியிருந்தது. மருந்து எடுக்காதவர்களிடமும் ஏறக்குறைய அதே விகிதம்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளவயதுக்காரர் வெயிலுக்கு ஓர் இளநீர் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, பிரஷருக்கு டெல்மிசார்டன், லோசார்டன் எடுத்தாலோ கணக்கே வேறு. நீர்க்கடுப்புக்குக் கோ-ட்ரைமாக்சசோல் எழுதும்போதும் ‘நான் ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கிறேன்’ என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும்.

தவிர்க்கவே முடியாத விதி ஒன்று: இதை எடுக்கும்போது கருத்தரிக்கக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் உறுப்பு வளர்ச்சியை இது பாதிக்கலாம். ஆண்களுக்குப் பருவுக்காக இதைக் கொடுப்பதில்லை, மார்பு பெருக்கும்.

இனி கருத்தடை மாத்திரை. அமெரிக்காவில் பருவுக்கென்றே அனுமதி பெற்ற ஹார்மோன் மாத்திரைகள் இந்த வகையில்தான் இருக்கின்றன. ட்ரோஸ்பைரினோன் 3 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடயோல் 20 மைக்ரோகிராம் கொண்ட ‘யாஸ்’ 2007ல் அந்த அனுமதியைப் பெற்றது. நம் ஊரில் பிசிஓடிக்கு அதிகம் எழுதப்படும் இன்னொன்று சைப்ரோடெரோன் கலந்தது. ‘டயான்-35’, ‘கிரிம்சன்-35’ என்றால் பலருக்குத் தெரியும். பீரியட்ஸ் தாறுமாறாக வருபவர்களுக்கு இந்த வகை நிம்மதி. தேதி பார்த்து வரும், ரத்தப்போக்கு குறையும், வலி குறையும், கருத்தடையும் ஆச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் பற்றிக் கேட்பீர்கள். அதிலுள்ள லெவோனார்ஜெஸ்ட்ரல் பருவுக்கு அவ்வளவு ஏற்றதல்ல என்ற பேச்சு உண்டு. ஆனால் 31 ஆய்வுகளைச் சேர்த்து 2012ல் வந்த அலசலில் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பொதுவாகவே பருவைக் குறைக்கின்றன. வகைக்கு வகை பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஈஸ்ட்ரோஜன் இல்லாத கருத்தடைகள்தான் கவனம் தேவைப்படுபவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியும், லெவோனார்ஜெஸ்ட்ரல் வைத்த கருப்பைச் சாதனமும் சிலருக்குப் பருவைக் கூட்டும். பரு திடீரென்று கிளம்பியது அதற்குப் பிறகுதானா என்று யோசித்துப் பாருங்கள்.

கருத்தடை மாத்திரையின் பெரிய ஆபத்து ரத்தம் உறைவது. எண்ணிக்கையோடு சொன்னால்தான் அளவு புரியும். மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாகிறது. லெவோனார்ஜெஸ்ட்ரல் வகை எடுத்தால் 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பைரினோன் என்றால் 9 முதல் 12. சைப்ரோடெரோனும் ஏறத்தாழ அதே தட்டில்தான். 2013ல் பிரான்ஸ் டயான்-35ஐ நிறுத்திவைத்தது. அதே வருடம் ஐரோப்பிய மருந்து அமைப்பு ஆராய்ந்து, பருவைப் பொறுத்தவரை, மற்ற சிகிச்சைகள் பலிக்காத, நடுத்தரம் முதல் கடுமை வரையிலான பருவுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது. ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் ரத்தக்கட்டி வந்திருந்தால், பிரஷர் இருந்தால், 35 தாண்டிப் புகைப்பவராக இருந்தால் இது வேண்டாம். ஒத்தைத் தலைவலி வரும் முன் கண்ணுக்குள் வளைவு வளைவாக வெளிச்சம் மின்னுகிறதா? அப்படியானால் கட்டாயம் வேண்டாம். பக்கவாத ஆபத்து கூடும். இந்தக் கேள்வியை டாக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரையின் கருத்தடை பலிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இந்த மாத்திரையை ஒதுக்குவது ரத்தக்கட்டிக்காக அல்ல. என் கைப்பையில் அட்டையைப் பார்த்துவிட்டு அத்தை கேட்டார்: “ஏம்மா, குழந்தையே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?” குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதே அத்தைதான் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தேதி தள்ளிப்போட எனக்கு மாத்திரை வாங்கிவந்தவர். அது நாரெதிஸ்டிரோன். அதுவும் ஹார்மோன்தான், சிலருக்குப் பருவைக் கிளப்பும், தேதி தள்ளிப்போட எடுக்கும் அளவில் அதற்கும் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அட்டையைக் கையில் கொடுத்து, “இதை நிறுத்தினா குழந்தை வர்றதுக்குத் தடை இல்ல அத்தை, முகத்துக்குத்தான் எடுக்கிறேன்” என்று உட்கார்ந்து விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கல்யாணமாகாத பெண்களுக்கு இந்தப் பேச்சு இன்னும் கஷ்டம் என்று தெரியும். அம்மாவை டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போய் அவர் வாயால் சொல்லவைப்பது நல்ல வழி.

ஹார்மோன் அல்லாத போட்டியாளர்களைப் பற்றிச் சுருக்கமாக. டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக் வேகமானது. மூன்றாவது மாதத்தில் கருத்தடை மாத்திரையை முந்தும், ஆறாவது மாதத்தில் இரண்டும் சமம். ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது, கிருமிகள் பழகிவிடும். வருடக்கணக்கில் வரும் தாடைப் பருவுக்கு அது எப்படிப் போதும்? ஐசோட்ரெடினோயின் இவை எல்லாவற்றையும்விட வலுவானது. தழும்பு குழி விழும் பருவுக்கு நான் அதைத்தான் முதலில் கேட்பேன். உதடு வெடிக்கும், கல்லீரலும் கொழுப்பும் பரிசோதிக்க வேண்டும், கருவுக்குக் கடும் கேடு. நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. ஹார்மோனால் பரு வரும் பெண்களுக்கு இதை முடித்த பிறகு திரும்பவும் வருவதுண்டு.

என் தேர்வு இதுதான். பீரியட்ஸ் ஒழுங்காக வரும், பிரஷர் அல்லது ஒத்தைத் தலைவலி உள்ள, ஆறு மாதம் காத்திருக்கக்கூடிய பெண்ணுக்கு ஸ்பைரோனோலாக்டோன். பிரஷர் மாத்திரையின் பெயரை மட்டும் டாக்டரிடம் முதலில் காட்டிவிட வேண்டும். பீரியட்ஸ் ஒழுங்கில்லாத, கருத்தடையும் தேவைப்படும், ரத்தக்கட்டி ஆபத்து இல்லாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை. இரண்டையும் சேர்த்தும் கொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் முடிந்தது: மாதம் இருமுறை வந்த ரத்தப்போக்கு மாத்திரை சேர்த்த பிறகு நின்றது. ட்ரோஸ்பைரினோன் 3 மில்லிகிராமே ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம் போலப் பொட்டாசியத்தைத் தேக்கும் என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் கூடுதலாகச் செய்தார்கள்.

எதை எடுத்தாலும் நிறுத்தினால் சில மாதத்தில் பரு திரும்பலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். நாங்கள் இப்போது குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறோம். டாக்டர் சொன்னபடி முதலில் ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தினேன். ஒரு மாதம் கழித்துக் கருத்தடை மாத்திரையையும். இடையில் அசெலிக் ஆசிட் க்ரீம் தொடங்கியாயிற்று. அது கர்ப்பத்திலும் பயன்படுத்தக்கூடியது, கருந்திட்டையும் மங்கவைக்கும். போன வாரம் இடது தாடையில் ஒன்று எழுந்தது. பட்டாணி அளவு இல்லை, கடுகு அளவுதான்.