ஒப்பந்த வேலையைச் சோதிக்க ஆர்.டி.ஐ. விண்ணப்பம்: எவ்வளவு உதவும்?

குப்பை அள்ளல், துப்புரவு, காவல் என்று ஓர் அலுவலகம் தனியாருக்குக் கொடுத்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, திருகோணமலை மக்களுக்குக் கையிலுள்ள நல்ல கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.). அள்ளாத குப்பையில் பொலித்தீன் தின்னும் நம் நகரத்து மான்களுக்காகவாவது அதைப் பயன்படுத்த வேண்டும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

பலர் தவறுவது கேள்வியில்தான். "ஏன் இவருக்குக் கொடுத்தீர்கள்?" என்றால் மழுப்பலான பதில் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: விலைமனு திறந்த பதிவு, தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு அறிக்கை, ஒப்பந்தம், மாதாந்தக் கொடுப்பனவு வவுச்சர், தொழிலாளர் வரவுப் பதிவு. கடைசி இரண்டும்தான் முக்கியம். பத்துப் பேருக்குப் பணம் எடுத்து ஆறு பேரை இறக்குவதும், வராத நாளுக்குத் தண்டப்பணம் கழிக்காததும் அங்கேதான் தெரியும். ஒரே வேலையைச் சிறு துண்டுகளாக்கிப் பகிரங்க விலைமனுவைத் தவிர்த்திருக்கிறார்களா என்றும் திகதிகளை ஒப்பிடுங்கள்.

குறை: "வணிக இரகசியம்" என்று மறுப்பார்கள். பொதுநலன் மேலோங்கினால் அந்த விலக்கு நிற்காது. மறுத்தால் 14 நாட்களுக்குள், அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு' மேன்முறையீடு செய்யுங்கள். அதற்குப் பிறகு கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அங்கே போனால் மாதக்கணக்கில் இழுபடலாம். அதற்குள் ஒப்பந்தமே முடிந்துவிடும் என்பதால், வேலை தொடங்கிய முதல் மாதத்திலேயே விண்ணப்பியுங்கள்.