ஜெரேனியம்: சில வருஷம் வளர்த்த பிறகு சொல்றேன்

ஜெரேனியம் பத்தி யார்ட்ட கேட்டாலும் "ஈஸி செடிங்க, கண்ண மூடிட்டு வாங்கலாம்"னுதான் சொல்லுவாங்க. முதல் வருஷத்துக்கு அது நிஜம்தான். அதுக்கப்புறம்தான் கதையே ஆரம்பிக்குது. அடித்தண்டு கட்டையாகிடும், இலையெல்லாம் நுனியில மட்டும் நிக்கும், பூவும் சின்னதாகிட்டே போகும், நாமளும் உரம் பத்தலையோன்னு கொட்டிக்கிட்டே இருப்போம். உரத்துல ஒண்ணும் இல்லங்க. ஒரே செடிய வருஷக்கணக்கா இழுக்குறத விட அதோட கட்டிங்கை (வெட்டி ஊன்ற தண்டுத் துண்டு) வச்சு புதுசாக்கிட்டே போறதுதான் சரி, இத்தனை நாள் வளர்த்ததுல எனக்கு உருப்படியா புரிஞ்சது இதுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. சிவப்பு, பிங்க்னு கொத்துக்கொத்தா பூக்குற தொட்டிச்செடி உண்மையில பெலார்கோனியம், பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா பக்கத்து செடிங்க. 1753ல செடிகளுக்கு பேரு வச்சு வகைப்படுத்துன லின்னேயஸ்ங்கிறவரு இதையும் அசல் ஜெரேனியத்தையும் ஜெரேனியம்னு ஒண்ணா சேர்த்து வச்சிட்டாரு, 1789ல தனியா பிரிச்சாச்சு, ஆனா நர்சரியில பழைய பேரு போகவே இல்ல. இது எதுக்குன்னா, அசல் ஜெரேனியம் வகைகள்ல நிறைய உறைபனியவே தாங்கும், அதுக்கு எழுதுன குறிப்ப படிச்சிட்டு பெலார்கோனியத்த உறைபனியில வெளிய விட்டா போச்சு. பூவ பாத்தே ஓரளவு சொல்லிடலாம், அசல்ல அஞ்சு இதழும் ஒரே மாதிரி இருக்கும், பெலார்கோனியத்துல மேல் ரெண்டு இதழ் மத்த மூணுலேர்ந்து கொஞ்சம் வித்தியாசப்படும் (அடுக்குப்பூ ரகத்துல இதெல்லாம் தெரியாது).

தண்ணி விஷயத்துல இது கஞ்சத்தனமா இருக்குறவங்களுக்கான செடி. மேல்மண்ணு ஒரு இன்ச் ஆழத்துக்கு காய்ஞ்ச பிறகு ஊத்துனா போதும், ஊத்துனா ஓட்டை வழியா வெளிய வர்ற அளவுக்கு ஊத்துங்க, தட்டுல தேங்குன தண்ணிய கொட்டிடுங்க. மண்ணு ஈரமா இருந்தும் கீழ் இலை மஞ்சளாச்சுன்னா தண்ணி ஜாஸ்தி. மண்மட்டத்துலேர்ந்து தண்டு கருப்பாகி மேல ஏறுச்சுன்னா பித்தியம்ங்கிற கிருமியால வர்ற அழுகல், அந்தச் செடிய தேத்துறதுக்கு மெனக்கெட வேண்டாம், மண்ணோட தூக்கிப் போட்டுடுங்க. மண்தொட்டியா இருந்தா சீக்கிரம் காயும், எனக்கு அதுதான் பிடிக்கும். தொட்டி ரொம்ப பெருசாவும் வேண்டாம், வேர் கொஞ்சம் நெருக்கிக்கிட்டு இருந்தாத்தான் இது நல்லா பூக்குது.

உரத்துல நைட்ரஜன் தூக்கலா இருந்தா இலை தளதளன்னு வரும், பூ வராது. தக்காளிக்கு போடுற மாதிரி பொட்டாஷ் தூக்கலான உரத்த நீர்க்க கலந்து ஊத்துங்க. காய்ஞ்ச கொத்த பூவ மட்டும் கிள்ளாம காம்போட அடியில ஒடிச்சு எடுங்க, அடுத்த மொட்டு வர்ற வேகத்துல வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இப்ப கட்டிங். பூக்காத நல்ல தளிரா பாத்து 8-10 சென்டிமீட்டர் நீளத்துக்கு கணுவுக்கு கீழ சுத்தமான கத்தியால வெட்டி, கீழ் இலையையும் மொட்டு இருந்தா அதையும் எடுத்துட்டு, நிழல்ல சில மணி நேரம் போட்டு வெட்டுவாய காயவிட்டு, அப்புறமா மணலோ பெர்லைட்டோ (லேசான வெள்ளைத் துகள்) கலந்த லேசான கலவையில ஊன்றிடுங்க. மத்த கட்டிங்குக்கு பண்ற மாதிரி மேல பிளாஸ்டிக் கவர் மாட்டுறது மட்டும் இதுக்கு ஆகாது, புழுங்கி அழுகிடும். வேர் விட வைக்கிற ரூட்டிங் பவுடர் கூட வேண்டியதில்ல. புதுத்துளிர் வந்துச்சுன்னா வேர் பிடிச்சிடுச்சு. வேர் பிடிச்சிடுச்சான்னு அத பிடுங்கிப் பிடுங்கி பாக்குற ஆளுங்களுக்கு எந்தச் செடியும் வராது, அது வேற விஷயம்.

நோய்னு பாத்தா துரு நோய்ங்கிற பூஞ்சை நோய்தான் பெரிய தொல்லை. இலைக்கு மேல மஞ்சப் புள்ளி, திருப்பி பாத்தா பழுப்புத் தூள் வட்டமா இருக்கும். அந்த இலைய உடனே கிள்ளிடுங்க, இலை மேல தண்ணி படாம ஊத்துங்க, தொட்டிங்கள நெருக்கி வைக்காதீங்க. ஐவி இலை வகையில (ஐவி கொடி மாதிரி இலையோட தொங்கி வளர்றது) இலைக்கு அடியில தக்கை மாதிரி சொரசொரப்பா முண்டு வந்தா பயப்படாதீங்க, அது பூஞ்சையே இல்ல, வெயில் குறைஞ்ச நாள்ல தண்ணி ஜாஸ்தியா உறிஞ்சுனதால வர்றது. மருந்தடிச்சா காசுதான் வேஸ்ட்.

எந்த வகை வாங்கலாம்னா, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இலையில கருவளையம் இருக்குற சோனல்தான் என் ஓட்டு. ரீகல்னு ஒரு வகை, பூ பாக்க அள்ளும், ஆனா குளிர்ச்சியான ராத்திரி இல்லன்னா மொட்டே வைக்காது, வெக்கையான இடத்துல இருக்குறவங்க ஏமாந்துடாதீங்க. வாசனை இலை வகைகள தொட்டாலே கை மணக்கும், பூ சுமார்தான். அதுல ஒண்ண கொசுவிரட்டிச் செடின்னு விக்கிறாங்க, சோதிச்சுப் பாத்த ஆய்வுகள்ல செடி சும்மா நிக்கிறதால கொசு போகலைன்னுதான் வந்துச்சு, வாசனைக்காக வேணா வாங்குங்க.

வீட்ல பூனை, நாய் இருந்தா கவனம், செடிய மென்னா வாந்தி எடுக்கும். அதுங்களுக்கு எட்டாத உயரத்துல தொங்கவிடணும்னா ஐவி இலை வகைதான் சரி, எப்படியும் அது தொங்கித்தான் வளரும்.