மதியம் ஒரு கடை, இரவு வேறு கடை

நாகர்கோவிலில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் ஆகும் அந்த உணவகத்துக்குப் போகலாமா என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: மதியம் போங்கள், மீன் சாப்பிடுவதாக இருந்தால் எந்த மாதம் என்று பார்த்துப் போங்கள். கடை திறந்த காலத்திலிருந்து குடும்பத்தோடும் அலுவலக நண்பர்களோடும் அங்கே சாப்பிட்டு வருகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்பவர்களில் பலரை முகம் பார்த்துப் பழகியிருக்கிறேன். தவிர, இங்கே எழுதுவது ஊரில் இப்போது அடுத்தடுத்துத் திறக்கப்படும் இதுபோன்ற மற்ற கடைகளுக்கும் பொருந்தும்.

அந்தக் கடையைப் பற்றி எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கிறது. துபாயிலிருந்து விடுப்பில் வரும் அத்தான், மாவட்டத்திலேயே இதற்கு இணையான இடம் கிடையாது என்கிறார். கோட்டாறில் இருக்கும் பெரியம்மா, இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அத்தான் போனது செப்டம்பரில், மதியச் சாப்பாட்டுக்கு. பெரியம்மா போனது ஜூனில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவே அங்கே என்னவெல்லாம் மாறுகிறது என்பது தெரிந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

மதியச் சமையலை நடத்துவது ஈத்தாமொழிப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள். புவிசார் குறியீடு பெற்ற நெட்டைத் தென்னை விளையும் ஊர். தேங்காயின் குணம் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சமையலறையின் கையை உள்ளித் தீயலில், அதாவது வறுத்தரைத்த தேங்காயில் வைக்கும் சின்ன வெங்காயப் புளிக்குழம்பில், கண்டுகொள்ளலாம் என்பது என் கணக்கு. தேங்காய்த் துருவலை மல்லியும் மிளகாய் வற்றலும் சேர்த்து இளந்தீயில் விடாமல் வறுக்க வேண்டும். நன்றாகக் கறுத்துச் சிவந்து வரும்போது இறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கசக்கும். கொஞ்சம் முந்தினால் வறுத்தரைத்த சாம்பாராகிவிடும். பிறகு எண்ணெய் கக்கும் வரை அரைக்க வேண்டும். இவர்கள் வைக்கும் தீயலில் அந்தப் பொறுமை அத்தனையும் இருக்கிறது. அவியலில் காய் குழையாமல், வெட்டிய நீளத்துக்கு நிற்கிறது. தயிரில் வைக்கும் புளிச்சேரி திரிந்து நான் பார்த்ததில்லை. இலையில் முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும், பிறகு சாம்பார், புளிச்சேரி, ரசம் என்று நம் வரிசையில்தான் பரிமாறுகிறார்கள். கடைசியில் பாயசத்தோடு பிசைந்து சாப்பிட, 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் மட்டிப் பழத்தையே வைக்கிறார்கள். சம்பா அரிசிச் சோறு வேண்டும் என்று கேட்டால் தனியாகக் கொண்டுவருகிறார்கள். இந்தச் சாப்பாட்டுக்கு அவர்கள் வாங்கும் விலை வடசேரி பஸ் நிலையத்தை ஒட்டிய கடைகளைப்போல் மூன்று மடங்கு இருக்கும். இருந்தாலும் மனமுவந்து கொடுக்கிறேன். வீட்டில் மாமியாருக்கு முடியாமல் போன பிறகு எங்களுக்கு இந்தக் கைப்பக்குவம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மெனு அட்டை தடிமனாகிறது. தந்தூரி, சீன உணவு, இத்தாலிய உணவு என்று பக்கம் பக்கமாக இருக்கும். தீயல் இருக்காது, புளிச்சேரி இருக்காது. நான் சாப்பிட்டுப் பார்த்தவற்றில் 'நான்' ரொட்டியும் பருப்பு வகைகளும் பரவாயில்லை. பன்னீர் எல்லா நாளும் ஒரே சிவப்புக் குழம்பில்தான் வருகிறது. பாஸ்தாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மீனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்துக் கடற்கரை ஆரோக்கியபுரத்தில் தொடங்கி நீரோடியில் முடிகிறது. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இந்தக் கரையில் இரண்டாகப் பிரிந்து வரும். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் சேருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் ஆகியவை மேற்குக் கரைக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, ஜூன் முதல் இரண்டு வாரம் இந்த மாவட்டத்தில் எந்தத் துறைமுகத்திலிருந்தும் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுகளும் வள்ளங்களும் மட்டும் போகும். பெரியம்மா சாப்பிடப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு வாரத்துக்குள் விழுந்தது. மெனு அட்டையில் நெய்மீன் (வஞ்சிரம்) வறுவல் இருந்தது. விலையில் ஒரு ரூபாய்கூட மாற்றமில்லை. பரிமாற வந்த பையன், இன்று காலையில் வந்த மீன் என்று சொன்னான். பெரியம்மா முட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். துண்டை விரலால் தொட்டுப் பார்த்ததுமே, "இது ஐஸில் கிடந்து நாளான மீன் மக்களே" என்று சொல்லிவிட்டு இலையை மூடிவிட்டார்.

குளிர்பதனத்தில் வைத்த மீனை விற்பது குற்றமில்லை. தடைக்காலத்தில் வேறு வழியில்லாமல்கூட இருக்கலாம். அதைப் புது மீன் என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடலை நம்பி வாழும் குடும்பத்திலிருந்து வந்த ஒரு முதியவரிடம் அப்படிச் சொல்வது இன்னும் வலிக்கிறது. அதைவிட வருத்தம் வேறொன்று. அதே ஜூன் மாதத்தில் நாட்டுப் படகுக்காரர்கள் சாளையும் அயிலையும் நெத்தோலியும் கொண்டுவருகிறார்கள். மாங்காயும் முருங்கைக்காயும் போட்டுத் தேங்காய் அரைத்து வைத்த சாளைக் குழம்பும், கூடவே அவித்த மரச்சீனிக் கிழங்கும் அந்தக் கடையில் கிடைத்தால் நான் வாரம் தவறாமல் போவேன். ஆனால் விலை குறைந்த மீன் என்பதால் சாளையை அட்டையில் போட அவர்களுக்குக் கூச்சம். நெய்மீன், ஆவோலி, இறால், சிங்கி இறால் ஆகிய நான்கைத் தாண்டி அவர்களின் கடல் விரிவதில்லை.

அத்தான் போயிருந்த செப்டம்பரில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ஆகஸ்டில் மேற்குக் கரைப் படகுகள் இறங்கிவிடும், கணவாய் தாராளமாக வரும். அன்று அவர் சாப்பிட்ட கணவாய் மிளகு வறுவல் எனக்கும் தெரியும். பல்லுக்கு மெத்தென்று, ரப்பராகாமல், குருமிளகு தொண்டையில் நிற்கும்படி இருக்கும். அதைச் சாப்பிட்டவர் கடையைப் புகழாமல் என்ன செய்வார்?

சிங்கி இறாலுக்கும் முழு மீனுக்கும் அட்டையில் விலை இருக்காது, 'அன்றைய விலை' என்று மட்டும் இருக்கும். தட்டில் வைத்துக் காட்டும்போதே எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். என் சித்தப்பா மகன் பிறந்தநாளுக்கு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய், கேட்காமல் தலையசைத்துவிட்டு, பில்லைப் பார்த்ததும் கூகுள் பேயில் அண்ணனிடம் பணம் வாங்க வேண்டியதாயிற்று.

பில்லிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. முறையானது. தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிட அதிகம் வாங்குவதை 2017-இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்திருக்கிறது. விருப்பமில்லை என்றால் சாதாரணத் தண்ணீர் கேளுங்கள், முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம் சேர்ந்திருந்தால் அதைத் தர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்தக் கடையில் நான் கேட்டபோது ஒரு மேலாளர் உடனே நீக்கித் தந்தார். இன்னொருவர் மற்ற மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாதம் செய்தார். பிடிவாதம் பிடித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பரிமாறுகிறவருக்குக் கொடுக்க நினைப்பதைக் கையில் கொடுங்கள். அந்தப் பிள்ளைகள் அதற்குத் தகுதியானவர்கள்.

அவர்களில் பெரும்பாலோர் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். பணிவாகப் பேசுகிறார்கள், கைக்குழந்தையோடு போனால் கேட்காமலே வெந்நீர் கொண்டுவருகிறார்கள். ஆனால் இரவில் தளத்துக்கு ஒருவராவது தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும். பெரியம்மாவைப் போன்றவர்கள், இதில் காரம் எவ்வளவு, அது என்ன மீன் என்று கேட்க நினைத்து, கேட்க முடியாமல் பேரப்பிள்ளைகள் சொன்னதையே சாப்பிட்டுவிட்டு எழுகிறார்கள். மீன் காலையில் வந்தது என்று சொன்ன பையனுக்குக்கூட யாரோ அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவனைக் கோபித்துப் பயனில்லை.

சபரிமலை சீசனிலும் டிசம்பர் விடுமுறையிலும் கன்னியாகுமரிக்கு வரும் கூட்டம் இங்கேயும் நிரம்பிவிடும். அந்த வாரங்களில் மதியச் சாப்பாடுகூடத் தரம் இறங்குகிறது. தீயல் தண்ணீராக வருகிறது. வார நாளில், பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விடுவது நல்லது.

பெரியம்மாவுக்கு நடந்ததைப் பிறகு மேலாளரிடம் நேரில் சொன்னேன். உட்காரவைத்துக் கேட்டார், குறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் வாசலில் ஒரு கரும்பலகை வைத்தார்கள்: இன்று நாட்டுப் படகு மீன், அயிலை, நெத்தோலி. நானும் மனைவியும் போய் நெத்தோலி அவியல் சாப்பிட்டோம். அந்தக் கடையில் இரவில் கிடைத்த மிக நல்ல சாப்பாடு அதுதான். ஒரு வாரத்தில் பலகையை எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த சாப்பாட்டால் மேசைக்கு வருமானம் குறைகிறது என்று காரணம் சொன்னார்கள். நெத்தோலிக்கு இன்னும் ஐம்பது ரூபாய் கூட்டி வையுங்கள், தருகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை.