14416: ராத்திரி இரண்டு மணிக்கு எடுக்கும் போன்

கடன், விவாகரத்து, வேலை போனது, வீட்டில் எதிர்பாராத சாவு. பகலில் எப்படியோ தள்ளிவிடலாம்; ராத்திரி இரண்டு மணிக்கு அதுவே மலையாக நிற்கும். அந்த நேரத்திலும் எடுப்பார்கள் என்பதுதான் 14416 என்ற எண்ணில் கிடைக்கும் மனநல ஆலோசனை போன் சேவையான டெலி மானஸின் பெரிய பலம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய சேவை. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம். தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

14416க்கு முன்னால் 044 எதுவும் போடாதீர்கள். முதலில் பதிவுக் குரல் மொழியைக் கேட்கும். பிறகு ஆலோசகர் வருவார். தனியாகப் பேசக்கூடிய அறைக்குப் போய்விடுவது நல்லது. பக்கத்து அறையில் ஆள் இருந்தால் பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும். அரை மணி நேரமாவது தாங்கும் அளவுக்குச் சார்ஜ் இருக்கட்டும்.

பலர் செய்யும் தப்பு, கல்யாணமான நாளிலிருந்து கதையைத் தொடங்குவது. என்ன நடந்தது, எப்போது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று மூன்று வரி போதும். மீதியை அவர்களே கேட்பார்கள். செத்துவிடலாம் என்று தோன்றியதா என்றும் ஆலோசகர் நேராகக் கேட்கக்கூடும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பயப்பட வேண்டாம். மழுப்பினால்தான் சிக்கல்: உங்கள் நிலைமை எவ்வளவு அவசரம் என்று அவர்களுக்குப் பிடிபடாது.

அழைக்கும் முன் ஒரு தாளை நடுவில் மடித்துக்கொண்டால் பேச்சு இரண்டு மடங்கு பயன்படும். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நடக்கும் என்று பயப்படுவது. பர்சனல் லோன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம்: ‘இரண்டு தவணை பாக்கி, ஏஜென்ட் இன்று மூன்று முறை போன் செய்தார்.’ வலப்பக்கம்: ‘நடு ராத்திரி போன் வரும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவார், வேலை போகும்.’ இப்போது வலப்பக்கத்தை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வசூல் ஏஜென்ட் காலை 8க்கு முன்போ இரவு 7க்குப் பின்போ அழைக்கக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே சொல்லிவிட்டது. நுண்கடன் என்றால் இன்னும் கறார், 9 முதல் 6 வரைதான். கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வலப்பக்கத்தில் இரண்டு வரியை அடித்துவிடலாம். மிஞ்சும் வரியை ஆலோசகரிடம் வாசித்துக் காட்டுங்கள். மனம் அலைபாயும்போது வாயால் கோர்வையாகச் சொல்ல வராது, தாள் கைகொடுக்கும்.

குறைகள் உண்டு. போனை எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர், டாக்டர் அல்ல. மாத்திரை எழுதித் தரமாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்திற்கோ அனுப்பிவைப்பார். அடுத்த முறை வேறொருவர் எடுக்கக்கூடும், மறுபடி முதலிலிருந்து சொல்வது எரிச்சல்தான். முதல் பேச்சில் முடிவானதைத் தேதியோடு அதே தாளில் எழுதிவைத்தால் பாதி எரிச்சல் குறையும். வட்டியைக் குறைக்கச் சொல்லி வங்கியோடு பேசுவது, வக்கீல் பிடித்துத் தருவது இவர்கள் வேலையில்லை. அதை எதிர்பார்த்து அழைத்துவிட்டு ‘சும்மா பேசிட்டு வெச்சுட்டாங்க’ என்பது நியாயமில்லை. ஒருவர் ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால் இங்கே நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள்.

புத்திமதி வேண்டாம், யாராவது காது கொடுத்துக் கேட்டால் போதும் என்றால் சென்னையின் ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இன்னும் பொருந்தும். 1986 முதல் நடக்கிறது, பேசுபவர்கள் தன்னார்வலர்கள். 044 2464 0050 சாதாரணத் தரைவழி எண் என்பதால் வளைகுடாவில் இருப்பவர்களும் 044க்குப் பதில் +91 44 போட்டு அழைக்கலாம். இந்தியாவுக்குள் ஓடும் குறுகிய எண்ணான 14416இல் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒன்றைக் குறைத்தது, அந்த மறுபடி முதலிலிருந்து சொல்லும் விஷயத்துக்காக.