நியூயார்க் கம்பி வண்டி: பத்து வருடம் இழுத்த அனுபவம்

கார் இல்லாமல் நியூயார்க்கில் குடித்தனம் நடத்தப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நல்லதாக ஒரு கம்பி வண்டி வாங்கிவிடுங்கள். டிவி, சோபா எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் மதுரையிலிருந்து குவீன்ஸில் உள்ள ஃப்ளஷிங்குக்கு 2015 அக்டோபரில் வந்தேன். இப்போது வைத்திருப்பது என் இரண்டாவது வண்டி, 2016 மார்ச்சில் வாங்கியது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது வெளியே எடுக்கிறேன், காய்கறிக்கு ஒரு தடவை, துணி துவைக்க ஒரு தடவை. இவ்வளவு நாள் கூடவே இருந்த பொருளைப் பற்றி உட்கார்ந்து எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: கம்பி வலையில் செய்த நீளமான கூடை, பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், இடுப்பு உயரத்தில் கைப்பிடி. மடித்தால் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிடலாம். இந்த ஊரில் இதற்குப் பாட்டி வண்டி என்றே பெயர். ஆனால் ஃப்ளஷிங்கின் கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமை காலை போய் நின்று பாருங்கள், பாட்டி தாத்தா, கல்லூரிப் பையன், கைக்குழந்தைக்காரி என்று எல்லோர் கையிலும் இருக்கும்.

முதல் வண்டியை விலை மலிவு என்று 18 டாலருக்கு வாங்கினேன். சக்கரம் முழுக்க பிளாஸ்டிக். அது நாலு மாதம்கூட வரவில்லை. 2016 ஜனவரி 23 அன்று ஒரு பெரிய பனிப்புயல் வந்தது, சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம் பனி பதிவானது, அதுதான் அங்கே அதுவரை பதிவானதிலேயே அதிகம். மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, பாலும் அரிசியும் தீர்ந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவரவர் வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையை அவரவர்தான் குறிப்பிட்ட நேரத்துக்குள் சுத்தம் செய்யவேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் நடைபாதை ஓரளவு பரவாயில்லை. தெருமுனைதான் பிரச்சினை. சாலையில் வழித்த பனியெல்லாம் அங்கே குவிந்து, பாதி உருகி, சேறு மாதிரி முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். 20 பவுண்டு அரிசி மூட்டையோடு அதில் இறக்கினேன், சக்கரம் மாட்டிக்கொண்டது, பிடித்து இழுத்தேன், அச்சு வளைந்து சக்கரம் கழன்று வந்துவிட்டது. நடுத்தெருவில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணிலேயே இருக்கிறது. கை விரைத்துப்போய், அழுகை வருகிற நிலை.

அப்போது ஒரு சீனப் பாட்டி வந்தார். காலி பாட்டில், கேன் பொறுக்கிச் சேர்க்கிறவர். இங்கே சோடா, பீர், தண்ணீர் மாதிரியான பாட்டிலுக்கும் கேனுக்கும் 5 சென்ட் முன்பணம் உண்டு, திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். அவருடைய வண்டியில் மலை மாதிரி பை கட்டியிருந்தது. ஒன்றும் பேசவில்லை. என் மூட்டையை வாங்கித் தன் வண்டியின் அடியில் வைத்து, கொக்கி போட்ட ரப்பர் கயிற்றால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்து மாட்டிவிட்டு, நட என்று தலையை ஆட்டினார். என் கட்டடம் வரைக்கும் வந்தார். போகும்போது குனிந்து தன் வண்டிச் சக்கரத்தைத் தட்டிக் காட்டினார்: கம்பி ஆரம், கனமான ரப்பர் டயர். பிறகு என்னுடைய உடைந்த சக்கரத்தைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். வண்டியில் எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அந்த ரப்பர் கயிறு மாதிரியே இரண்டு வாங்கி இன்றைக்கும் கைப்பிடியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

சரி, வாங்கும்போது பார்க்க வேண்டியது. பின் சக்கரம் குறைந்தது பத்து அங்குலம் இருக்கட்டும், ரப்பர் டயராக இருக்கட்டும். இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே தண்டாக அச்சு ஓடவேண்டும், இரண்டு துண்டாக இருந்தால் வேண்டாம். கைப்பிடி உங்கள் இடுப்புக்குக் கீழே இருந்தால் ஒரே வாரத்தில் முதுகு சொல்லிவிடும். நான் இரண்டாவது வண்டிக்கு 38 டாலர் கொடுத்தேன், அன்றைக்குப் பெரிய தொகையாகத் தெரிந்தது. குறை என்றால், அச்சின் முனையில் சக்கரம் கழலாமல் இருக்க ஒரு சின்ன மூடி அடித்திருப்பார்கள், அது எந்த வண்டியானாலும் ஒருநாள் விழுந்துவிடும். எனக்கு இரண்டு வருடத்தில் இரண்டும் போயிற்று. கட்டுக்கம்பி சுற்றி ஓட்டினேன், பிறகு ஹார்டுவேர் கடைக்காரர் அச்சில் துளை போட்டுக் காட்டர் பின் என்கிற இரட்டைக்கால் ஊசியை மாட்டிக் கொடுத்தார், அதற்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. முன் சக்கரம் நடைபாதை இடுக்கில் மாட்டும், ஆகையால் தள்ளாதீர்கள், பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டு போங்கள். சத்தம் அதிகம்தான். காலை ஆறு மணிக்குத் துணிக்கடைக்கு, அதாவது துணி துவைக்கிற கடைக்கு, காலி வண்டியோடு போனால் தெருவே எழுந்துகொள்ளும். அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டால் பாதிச் சத்தம் அடங்கிவிடுகிறது.

நான் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 44 படி. இதற்கு ஒரு முறை இருக்கிறது. படிக்கு முதுகைக் காட்டி நின்று, கனம் எல்லாம் அச்சுக்கு நேர் மேலே வருகிற மாதிரி அடுக்கி, ஒவ்வொரு படியாக இழுக்கவேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் அடியில், கிழங்கு நடுவில், கீரை மேலே. முட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியை நம்பவே நம்பாதீர்கள்.

இந்த வண்டி வந்தபிறகு என் சனிக்கிழமை மாறிப்போனது. அதற்கு முன்னால் இரண்டு கையிலும் பை தொங்கும், விரலில் பள்ளம் விழும், எதைப் பார்த்தாலும் "தூக்க முடியுமா" என்றுதான் முதலில் தோன்றும். இப்போது நின்று பார்த்து வாங்குகிறேன். மெயின் ஸ்ட்ரீட்டில் சீனக் கடைகளின் காய்கறி வரிசைதான் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த இடம். முதல் வருடம் அங்கே உள்ளே போகவே தயங்கினேன். பெயர்ப்பலகை புரியாது, கூட்டம் தள்ளும். பிறகு பார்த்தால் பாதிக்குமேல் நம் வீட்டுக் காய். தட்டைக்காய் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக, சேப்பங்கிழங்கு, முள்ளங்கி, சில வாரம் வாழைப்பூ. அவர்கள் பாகற்காய் வெளிர்பச்சை, முள் முள்ளாக இல்லாமல் மெழுகு உருகி ஓடின மாதிரி வழுவழுப்பான வரி, கசப்பும் கம்மி. பிட்லைக்கு நம் கரும்பச்சைப் பாகற்காய்தான் வேண்டும், ஆனால் மெல்லிசாக நறுக்கி வறுத்தால் சீனப் பாகற்காய்தான் மொறுமொறு என்று வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. வௌவால் மீனைக் கையைக் காட்டினால் போதும், செதிள் எடுத்துச் சுத்தம் செய்து தந்துவிடுவார்கள்.

அங்கிருந்து நேரே பவுன் ஸ்ட்ரீட். பிள்ளையார் கோயில் அந்தத் தெருவில்தான், 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் நடந்த கோயில். அதன் அடித்தளத்தில் உள்ள கேன்டீனில் தோசைக்கு வரிசை நிற்கும். வண்டியை ஓரமாக விட்டுவிட்டு ஒரு மசால் தோசையும் காபியும். இதே தெருவின் மறுகோடியில் ஜான் பவுன் என்பவர் 1661 வாக்கில் கட்டிய மரவீடு இன்னும் நிற்கிறது. குவேக்கர்கள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரை வீட்டில் கூடிக் கும்பிட விட்டதற்காக அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள், அவர் ஹாலந்து வரை போய் வாதாடி ஜெயித்துத் திரும்பி வந்தார். முதன்முதலில் இதைக் கேள்விப்பட்ட அன்று அந்த வீட்டு வேலியோரம் கொஞ்சநேரம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதே தெருவில் இன்றைக்கு நாதஸ்வரம் கேட்கிறது என்பது எனக்கு லேசான விஷயமாகத் தெரியவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை ஏழாம் நம்பர் ரயிலில் ஜாக்சன் ஹைட்ஸ். மிளகாய்வற்றல், கருப்பட்டி, அப்பளம் எல்லாம் அங்கே ஒரே தெருவில் முடிந்துவிடும். ரயிலின் முகப்பில் 7 என்ற எண் வட்டத்துக்குள் இருந்தால் எல்லா நிலையத்திலும் நிற்கும், சாய்சதுரத்துக்குள் இருந்தால் ஜாக்சன் ஹைட்ஸுக்கு இறங்கவேண்டிய 74ஆம் தெரு நிலையத்தில் நிற்காமல் போய்விடும், வண்டியோடு போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அந்த நிலையத்திலும் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டிலும் லிஃப்ட் இருக்கிறது, அது பெரிய நிம்மதி. மொத்தம் 472 நிலையம் இருந்தும் பெரும்பாலானவற்றில் இன்னும் படிதான். நுழைகிற இடத்தில் சுழல் கம்பிக்கு மேலே வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கவேண்டி வரும். பத்து வருடத்தில் ஒருமுறைகூட நான் தனியாகத் தூக்கியதாக நினைவில்லை. பின்னால் நிற்கிறவர் ஒரு கை கொடுத்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் ரயிலுக்கு ஓடிவிடுவார்.

2018 கோடையில் அம்மா வந்தார். முதல் நாள் வண்டியைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை இழுத்துக்கிட்டு ரோட்டுல போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றார். இரண்டு வாரம் என்னோடு கூடவே நடந்தார். மூன்றாவது வாரம் நான் வேலையிலிருந்து வந்தால் வீட்டில் வாழைப்பூ வடை வாசம். தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் ஸ்ட்ரீட் போய், விரலைக் காட்டி விலை பேசி, பூ வாங்கி வந்திருக்கிறார். ஆங்கிலமும் தெரியாது, சீனமும் தெரியாது. "அந்தக் கடைக்காரம்மா எனக்கு ரெண்டு எலுமிச்சம்பழம் கொசுறு போட்டுச்சு" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மதுரையில்கூட அதிகம் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முன் காலி அரிசிப் பைகள் இரண்டைப் பிரித்து, வண்டிக்கு அளவாக உள்பை ஒன்று கையாலேயே தைத்துக் கொடுத்தார், அரிசிப் பையின் ஜிப்பும் அப்படியே இருக்கிறது. 2020 மார்ச்சில் இந்த மாநிலத்தில் கடைகளில் பிளாஸ்டிக் பையை நிறுத்தியபோது எல்லோரும் பைக்கு அலைந்தார்கள், எனக்கு அம்மாவின் பை இருந்தது.

கொரோனா வந்த அந்த மார்ச்சைப் பற்றி நிறைய எழுத முடியவில்லை. இரவெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். கடைக்கு வெளியே வரிசை தெரு திரும்பும். எனக்கு முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி, ஆறடி இடைவெளி தானாக வந்துவிடும். இரண்டாவது மாடியில் எண்பது வயதைத் தாண்டிய தம்பதி. அவர்கள் கதவுக்கு அடியில் சீட்டு வைப்பார்கள், நான் வாங்கி வந்து வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு மேலே போய்விடுவேன். சாயங்காலம் ஏழு மணிக்கு மருத்துவமனை ஊழியர்களுக்காக எல்லோரும் ஜன்னலில் நின்று கை தட்டும்போது கீழிருந்து அவர்கள் கரண்டியால் தட்டுத் தட்டுகிற ஓசை கேட்கும். கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். இருவரும் நன்றாக இருக்கிறார்கள்.

துணி விஷயம். குளிர்காலத்தில் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்த போர்வையைச் சூடு போவதற்குள் மடித்து வண்டியில் அடுக்கி, ஜிப்பை இழுத்துவிட்டு வேகமாக வீட்டுக்கு வந்தால் மூன்றாவது மாடியில் பிரிக்கும்போதும் நடுவில் கதகதப்பு இருக்கும். அன்றைக்குத் தூக்கம் வேறு மாதிரி.

கரும்பைச் சொல்லாமல் விட முடியாது. பொங்கல் சமயத்தில் சீனக் கடைகளில் கருஞ்சிவப்புக் கரும்பு கிடைக்கும், நம் பொங்கல் கரும்பு மாதிரியே. துண்டு போட்டுத்தான் தருவார்கள், முழுசாக வேண்டும் என்று ஜாடையில் சொல்லி ஆளுயரத்துக்கு இரண்டு வாங்கி, வண்டியில் நேராக நிறுத்தி ரப்பர் கயிற்றால் கட்டி, ஒரு வருடம் உட்சைடில் இருக்கும் தோழி வீட்டுக்கு ரயிலில் கொண்டுபோனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளதேசத்துப் பெரியவர் கரும்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு "ஆக்" என்றார். எதிரில் இருந்த அம்மா தன் பிள்ளைக்குக் காட்டி "கான்யா" என்றார், ஸ்பானிஷ். நான் "கரும்பு" என்றேன். அந்தப் பிள்ளை மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தது. இறங்குவதற்கு முன் கரும்பின் தோகையில் ஒரு இணுக்கு கிள்ளி அதன் கையில் கொடுத்தேன்.

இப்போது முன் சக்கரம் இரண்டும் தேய்ந்துவிட்டன, இடது பக்கம் ஒரு கம்பி விட்டுப்போய்க் கட்டுக்கம்பியால் சுற்றியிருக்கிறேன். புதிது வாங்கலாமே என்கிறார்கள். சக்கரம் மட்டும் தனியாக ஜோடி பத்துப் பன்னிரண்டு டாலருக்குக் கிடைக்கிறது. தை பிறப்பதற்குள் மாற்றிவிட வேண்டும், இந்த வருடம் கரும்பு மூன்று.