ரத்தான குத்தகை, திரும்பாத அட்வான்ஸ்: கோர்ட்டா, காவல் நிலையமா, மக்கள் நீதிமன்றமா?

வீடு பிடித்துப்போய், வாடகை பேசி, அட்வான்ஸும் கொடுத்த பிறகு ஒப்பந்தம் ரத்தாவது ஒன்றும் புதிதில்லை. உரிமையாளரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வந்துவிடுவார். அல்லது வாடகைக்கு வரவேண்டியவருக்கே வேலை மாறிவிடும். அதுவரை சுமுகமாகப் போகும் பேச்சு, பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதுதான் திசை மாறுகிறது. "அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித் தருகிறேன்" என்பது முதல் பதில். போன் எடுக்காமல் விடுவது அடுத்த பதில்.

எனக்கும் இது நடந்தது. காவல் நிலையம், சிவில் கோர்ட், சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) மூன்றையும் விசாரித்துவிட்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். பணம் கைக்கு வந்தது. அதனால் இந்த அலசல் நடுநிலையானது இல்லை, என் சாய்வு மக்கள் நீதிமன்றத்தின் பக்கம்தான். நான் சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை, குடிபோகும் முன்பே ரத்தான வீட்டு ஒப்பந்தம் பற்றியது.

எந்த வழியில் போனாலும் ரத்து செய்தது யார் என்பதுதான் முதல் கேள்வி. உரிமையாளர் பின்வாங்கியிருந்தால் சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தம் செல்லாமல் போனால் அதனால் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. பின்வாங்கியது நீங்கள் என்றால் "டோக்கன் போனால் போச்சு" என்று தரகர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள். அது அப்படியே உண்மை இல்லை. 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு வரைதான் எடுத்துக்கொள்ள முடியும். 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும், 2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. இரண்டாவது தீர்ப்பு இன்னும் தெளிவு: இழப்பே ஏற்படாத இடத்தில் இழப்பீடு என்ற பெயரில் முன்பணத்தை விழுங்க முடியாது. அவை வீட்டு வாடகை வழக்குகள் அல்ல, சொத்து விற்பனையும் மனை ஏலமும் தொடர்பானவை. ஆனாலும் அடிப்படைச் சட்டம் ஒன்றுதான். வீட்டைப் பத்து நாள் காலியாக வைத்திருந்தவர் பத்து நாள் வாடகையைக் கேட்கலாம். மொத்த அட்வான்ஸையும் தன்னுடையது என்று சொல்ல முடியாது.

காவல் நிலையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனு கொடுத்தால் ரசீது தருவார்கள், சில இடங்களில் எதிராளியை அழைத்துப் பேசுவார்கள், அந்தப் பயத்திலேயே பணம் வருவதும் உண்டு. ஆனால் மோசடி என்று வழக்குப் பதிய, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவிலும் நிலை அதுதான். மனசு மாறிய உரிமையாளரை மோசடிக்காரர் என்று நிறுவ முடியாது. "சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே வீட்டைக் காட்டிப் பலரிடம் பணம் வாங்கியிருந்தாலோ, உரிமையாளருக்குத் தெரியாமல் இடைத்தரகர் லீஸ் தொகையைச் சுருட்டியிருந்தாலோ கதை வேறு. அங்கே முதலில் போக வேண்டியதே காவல் நிலையத்துக்குத்தான், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல்.

அப்புறம் சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம். 5 லட்ச ரூபாய் லீஸ் தொகை என்றால் 15,000 ரூபாய். வக்கீல் கட்டணம் தனி. வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்து, "ரத்தானால் இந்தத் தொகையை இத்தனை நாளில் தருவேன்" என்ற வரியும் அதில் இருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37இன் கீழ் சுருக்க வழக்காகப் போடப் பார்க்கலாம். அதில் எதிராளி நினைத்தபடி இழுத்தடிக்க முடியாது, வாதாடவே கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் "என் வீடு காலியாகக் கிடந்தது, நஷ்டம்" என்று ஓரளவு பொருத்தமாகச் சொன்னாலே அந்த அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடும். அதற்குமேல் அது சாதாரண வழக்குதான்.

வழக்கு ஜெயிக்காதோ என்ற பயத்தில் நான் கோர்ட்டைத் தவிர்க்கவில்லை. ரசீது இருந்தது, வங்கிப் பரிமாற்றம் இருந்தது, உரிமையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் இருந்தன. தீர்ப்புக்கும் பணத்துக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் என்னை யோசிக்க வைத்தது. தீர்ப்பு வந்தால் எதிராளி மேல்முறையீடு போவார், தடை கேட்பார். தடை கிடைக்காவிட்டாலும் பணம் தானாக வந்துவிடாது. நிறைவேற்று மனு என்று தனியாக ஒன்று போட்டு, எதிராளியின் சொத்து எங்கே, வங்கிக் கணக்கு எது என்று நாமே தேடிக் கொடுத்து, ஜப்திக்குக் கேட்க வேண்டும். இதற்கிடையில் வட்டி ஓடுமே என்று நினைப்போம். வணிகப் பரிவர்த்தனை அல்லாத வழக்கில் தீர்ப்புத் தேதிக்குப் பிறகான வட்டி, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டாது. வெளியே கடன் வாங்கினால் உரிமையாளர் இதைவிட அதிக வட்டி கட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் உங்கள் அட்வான்ஸைத் தன்னிடமே வைத்துக்கொண்டு தேதி வாங்கிக்கொண்டிருப்பதில் அவருக்கு லாபம்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் முடிவெடுத்தேன்.

மக்கள் நீதிமன்றம் என்றால் ஏற்கெனவே நடக்கும் வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும் இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வழக்கே போடாமலும் அங்கே போகலாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ மாவட்ட ஆணைக்குழுவிலோ ஒரு மனு கொடுத்தால் போதும். கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் தருவார்கள். எதிராளிக்கு அழைப்பு போகும். காவல் நிலையம் கூப்பிட்டால் வருகிற கோபம் இதற்கு வருவதில்லை. அதே சமயம் நீதிமன்ற வளாகத்திலிருந்து வந்த கடிதம் என்பதால் பெரும்பாலானோர் குப்பையில் போட்டுவிடவும் மாட்டார்கள்.

இதற்கு முன்னால் ஒரு வக்கீல் நோட்டீஸ் போயிருப்பது நல்லது. பணம் கொடுத்த தேதி, பரிமாற்ற எண், ரத்தை யார் எந்தத் தேதியில் தெரிவித்தார்கள், எவ்வளவு வரவேண்டும், எத்தனை நாளில் என்று ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும். என் ஜிபே பரிமாற்றத்தின் குறிப்பில் 'வீட்டு அட்வான்ஸ்' என்று இரண்டே சொற்கள் இருந்தன. "அது டோக்கன், திருப்பித் தரும் பணம் இல்லை" என்று உரிமையாளர் தொடங்கியபோது, சமரசம் பேசியவர் என் போனை வாங்கி அந்த வரியைத்தான் அவரிடம் காட்டினார். பேச்சு அங்கிருந்து தொகையைப் பற்றியதாக மாறியது.

மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் உடன்பாடு, சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. இந்த ஒன்றுக்காகவே நான் இதைத் தூக்கிப் பிடிக்கிறேன். சிவில் வழக்கில் விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம் கடந்து வந்து நிற்கும் இடத்தில் இங்கே ஒரு கையெழுத்தில் வந்து நிற்கிறோம். எதிராளி சொன்னபடி தரவில்லை என்றால் நேராக நிறைவேற்று மனுதான்.

உடன்பாட்டை எழுதும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. "கூடிய விரைவில்" என்று எழுத விடாதீர்கள், தேதி போடச் சொல்லுங்கள். தவணை என்றால், "ஒரு தவணை தவறினாலும் மீதி முழுத் தொகையும் உடனே செலுத்தத்தக்கது, அன்று முதல் 12 சதவீத வட்டி" என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். 6 சதவீதக் கணக்கில் அவருக்கு இருக்கும் லாபம் அந்த ஒரு வரியில் போய்விடும். வரப்போகும் தவணைத் தேதிகள் போட்ட காசோலைகள் வாங்கிக்கொண்டால் இன்னும் பலம். காசோலை திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் புகார். நான் தவணைக்கு ஒத்துக்கொண்டு, அவர் வீட்டைப் பூட்டி வைத்திருந்த நாட்களுக்கான வாடகையையும் விட்டுக்கொடுத்தேன். அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. எதிராளி வரவே இல்லை என்றால் மக்கள் நீதிமன்றத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சம்மதமில்லாமல் அங்கே உத்தரவு போட முடியாது என்று ஜலூர் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே மனு கிடப்பதால் மூன்றாண்டுக் காலக்கெடு நின்றுவிடும் என்று நம்பியும் உட்காரக் கூடாது. மூன்றாவது ஆண்டின் கடைசி மாதங்களில் இருப்பவர் வேறு யோசனையில்லாமல் வழக்கைப் போட்டுவிட்டு, சமரசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தாலோ, வீட்டை விற்கத் தயாராகிக்கொண்டிருந்தாலோ அப்போதும் உங்களுக்குக் கோர்ட்டே சரி. தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கக் கேட்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

குடியிருந்து காலி செய்தவர்களுக்கு நான் சொன்னது முழுதாகப் பொருந்தாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக வைப்புத்தொகையைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருந்தால் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அந்தப் பாதையில் நான் போனதில்லை.

கடை, கிடங்கு குத்தகையும் என் அனுபவத்துக்கு வெளியே. ஆனால் ஒன்று நிச்சயம்: தொழிலுக்கு மட்டுமே பயன்படும் இடமாக இருந்து, தொகை 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர உத்தரவு கேட்காத வழக்கென்றால், அங்கே வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். 2022இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அப்படிப்பட்ட வழக்குப் போடும் கடைக்காரர்கள் முதலில் சமரச மேசைக்குத்தான் போய் உட்கார வேண்டியிருக்கும்.