லுகாகுவா, ஹாலண்டா? செல்சியின் 2021 கோடைக் கேள்வி

ஐரோப்பிய கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற கையோடு, லண்டன் அணியான செல்சியின் ரசிகர்கள் நாங்கள் இரண்டாகப் பிரிந்தோம். கோல் அடிக்கும் முன்கள வீரராக நம் பழைய ஆள் லுகாகுவைத் திரும்ப வாங்குவதா, ஹாலண்டுக்கு முயல்வதா?

விலை
லுகாகு: 97.5 மில்லியன் பவுண்டு. 2014-இல் எவர்டனுக்கு நாமே 28 மில்லியனுக்கு விற்றவர்.
ஹாலண்ட்: அவர் அப்போது ஆடிய ஜெர்மன் அணி டார்ட்மண்ட் அந்த ஆண்டு விட மனமில்லாமல் இருந்தது. 2022-இல் மான்செஸ்டர் சிட்டி சுமார் 51 மில்லியனுக்கு வாங்கியது. சம்பளமும் ஏஜென்ட் பணமும் தனி.

வயது
லுகாகுவுக்கு 28, ஹாலண்டுக்கு 21. இதில் பேச ஒன்றுமில்லை.

ஆட்டப் பொருத்தம்
எனக்கு இதுதான் முக்கியம். லுகாகு அதற்கு முன் ஆடிய இத்தாலிய அணி இன்டரில், பயிற்சியாளர் கோன்டே அவருக்குப் பக்கத்தில் இன்னொரு முன்கள வீரர் லவுடாரோவை நிறுத்தினார், முன்னால் ஓட இடம் கொடுத்தார். லீக்கில் 24 கோல், கூடவே பட்டம். செல்சியின் அப்போதைய பயிற்சியாளர் டுகெல் அணியிலோ எதிரணி பின்னால் அடைத்து நிற்கும். கோலுக்கு முதுகு காட்டி, நெரிசலில் பந்து வாங்க வேண்டும். ஆர்செனலுக்கு எதிராக வந்ததுமே கோல் அடித்தபோது துள்ளிக் குதித்தேன். அப்புறம்? அந்த சீசனில் லீக்கில் மொத்தம் 8 கோல்தான்.
ஹாலண்டுக்கு ஒரு தொடுதல் போதும். சிட்டியில் முதல் சீசனிலேயே லீக்கில் 36 கோல்.

உடனே ஆள் வேண்டும், எதிர்த்தாக்குதல்தான் ஆட்டம் என்றால் லுகாகு சரி. பந்தைத் தன் வசம் வைத்திருக்கும் அணி, ஒரு வருடம் பொறுக்க முடியும் என்றால் ஹாலண்ட். செல்சி அன்று பொறுத்திருந்திருக்க வேண்டும்.